அணுகுண்டைப் பாடியவர்கள்

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா மீதும், 9 அன்று நாகசாகி மீதும் அமெரிக்கா அணுகுண்டு போட்டது. அந்த வருடம் முடிவதற்குள்ளேயே அமெரிக்காவில் அணுகுண்டைப் பற்றிய பாட்டுகள் இசைத்தட்டுக்காகப் பதிவாகிவிட்டன. கதிரியக்கம் உடம்பை என்ன செய்யும் என்று மருத்துவர்கள் அப்போதுதான் ஆராயத் தொடங்கியிருந்தார்கள். இந்த ஆயுதம் இனி யார் கையில் இருக்க வேண்டும் என்று அரசுகள் விவாதித்துக்கொண்டிருந்தன. பாட்டுக்காரர்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

அணுயுகம் என்று பொதுவாகச் சொல்வது அந்த ஆகஸ்டில் தொடங்கிய காலத்தைத்தான். குண்டோடு அது நிற்கவில்லை. வானவெளியில் நடந்த நூற்றுக்கணக்கான சோதனைகள், ஹைட்ரஜன் குண்டு, யுரேனியச் சுரங்கம், அணுமின் நிலையம், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் எந்த நேரமும் மோதிக்கொள்ளலாம் என்ற அச்சம் எல்லாம் சேர்ந்ததுதான் அணுயுகம். இவற்றை மக்கள் இசை எப்படிப் பாடியது என்பதே இங்கே விஷயம். மக்கள் இசை என்றால் கச்சேரி அரங்குகளின் செவ்வியல் இசை அல்ல. வானொலியில் கேட்டது, ஜூக்பாக்ஸில் காசு போட்டுக் கேட்டது, ஊர்வலத்தில் கூடிப் பாடியது, அவ்வளவுதான்.

இந்தப் பாட்டுகளை முதன்முதலாகக் கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றும். ஒன்று ஜெபமாக இருக்கும், அடுத்தது காதல் பாட்டு, அதற்கடுத்தது கேலி, இன்னொன்று ஒப்பாரி. ஒரே விஷயத்தைப் பற்றியவையா இவை என்று சந்தேகம் வரும். நான் எந்தப் பாட்டைக் கேட்டாலும் முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: பாடுகிறவர் குண்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்? குண்டு அவர் கையில் இருக்கிறதா, தலைக்கு மேலே இருக்கிறதா, அல்லது அவர் வீட்டுப் பிள்ளை குடிக்கிற பாலுக்குள்ளேயே வந்துவிட்டதா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கடவுள் கொடுத்த நெருப்பு

முதலில் பாடியவர்களில் அமெரிக்கத் தென்மாநிலக் கிராமிய இசைக்காரர்கள் முக்கியமானவர்கள். அவர்களுக்கு இது புதிய வேலை அல்ல. கப்பல் மூழ்கினால் பாட்டு, ரயில் கவிழ்ந்தால் பாட்டு, வெள்ளம் வந்தால் பாட்டு என்று செய்தியைச் சுடச்சுடப் பாட்டாக்கும் மரபு அங்கே பல தலைமுறையாக இருந்தது. நம் ஊர்ச் சந்தைகளில் விற்ற கொலைச்சிந்துப் புத்தகங்களைப் போன்ற மரபு என்று வைத்துக்கொள்ளலாம். நடந்ததைச் சொல்ல வேண்டும், கூடவே ஒரு நீதியும் சொல்ல வேண்டும்.

கார்ல் டேவிஸ், ஹார்ட்டி டெய்லர் இருவரும் 1945 டிசம்பரில் பதிவு செய்த ‘வென் தி ஆட்டம் பாம் ஃபெல்’ என்ற பாட்டில் டோக்கியோ நாடெங்கும் புகையும் நெருப்பும் ஓடுகின்றன. குண்டு விழுந்தது டோக்கியோவில் அல்ல. ஆனால் பாடுகிறவர்களுக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. விவிலியத்தில் பாவ நகரங்கள் மீது பெய்த கந்தகமும் நெருப்பும்தான் அவர்கள் மனக்கண்ணில் இருந்தன. போர்முனையில் இருந்த தங்கள் பிள்ளைகளின் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் அது என்று பாட்டு சொல்கிறது. அதை வெறும் கொடூரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நான்கு வருடமாக மகனையோ கணவனையோ எதிர்பார்த்திருந்த ஒரு வீட்டின் நிம்மதியும் அதில் கேட்கிறது. அதே சமயம் கீழே செத்தவர்களில் ஒருவருக்குக்கூட அந்தப் பாட்டில் முகம் கிடையாது. இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

வட கரோலினா வானொலிப் பாடகர் ஃப்ரெட் கிர்பி எழுதிய ‘அட்டாமிக் பவர்’ பாட்டை 1946-இல் புக்கானன் சகோதரர்கள் பாடிப் பரப்பினார்கள். அணுசக்தி கடவுளின் வலிய கரம் கொடுத்தது, அந்த இரு நகரங்களும் தங்கள் பாவத்துக்கு விலை கொடுத்தன என்பது அதன் சாரம். இப்படிப் பாட முடிந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அப்போது அணுகுண்டு உலகத்தில் ஒரே ஒரு நாட்டிடம்தான் இருந்தது. அது அவர்கள் நாடு.

1949 ஆகஸ்ட் 29 அன்று சோவியத் ஒன்றியம் தன் முதல் குண்டைச் சோதித்தது. அதோடு பாட்டின் தொனி மாறிவிட்டது. 1952-இல் லூவின் சகோதரர்கள் பாடிய ‘கிரேட் அட்டாமிக் பவர்’ பாட்டைப் பாருங்கள். தலைப்பு பழைய பாட்டை ஒட்டியே இருக்கிறது, கடவுளும் இருக்கிறார். ஆனால் இப்போது கேள்வி நேராகக் கேட்கிறவரை நோக்கி வருகிறது: அந்தச் சக்தி உன் தலைமேல் விழும்போது நீ தயாரா? இடையில் கழிந்தது ஆறே வருடம். கையில் இருந்த குண்டு அதற்குள் தலைக்கு மேல் போய்விட்டது.

இந்த மாற்றத்தைத் தேதி போட்டே சொல்லும் பாட்டும் ஒன்று உண்டு. ‘ஜீசஸ் ஹிட்ஸ் லைக் அன் ஆட்டம் பாம்’ என்ற அந்தப் பாட்டு 1945-இல் குண்டு பிறந்ததையும், 1949-இல் எல்லைக்கு அப்பால் இன்னொரு நாட்டிடம் அதே வகைக் குண்டு இருப்பது தெரியவந்ததையும் வரிசையாகச் சொல்கிறது. எல்லாரும் குண்டைப் பற்றிக் கவலைப்படுகிறீர்களே, ஆண்டவர் வரும் நாளைப் பற்றிக் கவலைப்படுகிறீர்களா என்று கேட்கிறது. 1950-இல் இதை வெள்ளையரான லோவெல் பிளான்சார்டும் பாடினார், கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல் வகையான காஸ்பெல் பாடும் பில்கிரிம் டிராவலர்ஸ் குழுவினரும் பாடினார்கள். பேருந்தில்கூட இரு நிறத்தவரும் சேர்ந்து உட்கார முடியாத தென்மாநிலங்கள் அவை. ஒரே பயம் இரண்டு தேவாலயத்துக்குள்ளும் ஒரே பாட்டாக நுழைந்திருக்கிறது.

கோல்டன் கேட் குவார்டெட் என்ற இன்னொரு கறுப்பினக் குழு 1946-இல் பதிவு செய்த ‘ஆட்டம் அண்ட் ஈவில்’ இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. அணு அதில் கள்ளங்கபடமில்லாத இளைஞன். தீமை அவனை மயக்கும் பெண். இருவருக்கும் கல்யாணம் நடந்துவிட்டால் உலகம் தொலைந்தது என்று எச்சரிக்கிறது. கடவுள் தண்டிப்பார் என்று சொல்லாமல், மனிதர்கள்தான் இதைத் தடுக்க வேண்டும் என்று அவ்வளவு சீக்கிரமே சொன்ன பாட்டு அது. நால்வரும் குரலைப் பின்னும் அழகுக்காகவே ஒருமுறை கேட்க வேண்டும்.

அணு என்றால் கவர்ச்சி

ஜெபம் ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் வேடிக்கை நடந்தது. குண்டு விழுந்த செய்தி வந்த சில மணி நேரத்திலேயே வாஷிங்டன் பத்திரிகையாளர் மன்றத்தின் மதுக்கூடத்தில் ‘அட்டாமிக் காக்டெயில்’ என்று ஒரு பானம் ஊற்றிக் கொடுத்தார்கள். டிசம்பரில் ஜாஸ் பாடகர் ஸ்லிம் கெய்லார்ட் அதே பெயரில் ஒரு பாட்டைப் பதிவு செய்துவிட்டார். பிறகு பத்து வருடத்துக்கும் மேலாகக் காதலி என்றால் அணுகுண்டு, முத்தம் என்றால் வெடிப்பு. ஏமஸ் மில்பர்ன் 1950-இல் பாடிய ‘அட்டாமிக் பேபி’, ஃபைவ் ஸ்டார்ஸ் 1957-இல் பாடிய ‘ஆட்டம் பாம் பேபி’ எல்லாம் இந்த ரகம்.

யுரேனியத்துக்கும் தனியாகப் பாட்டு வந்தது. 1952-இல் யூட்டா மாநிலத்து மோவாப் பக்கம் சார்லி ஸ்டீன் என்பவர் பெரிய யுரேனியப் படிவத்தைக் கண்டுபிடித்துப் பணக்காரர் ஆனார். அதைக் கேள்விப்பட்டு ஆயிரக்கணக்கானவர்கள் கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் கருவியைத் தூக்கிக்கொண்டு கொலராடோ பீடபூமிக்குக் கிளம்பினார்கள். 1955-இல் எல்டன் பிரிட் பாடிய ‘யுரேனியம் ஃபீவர்’ அந்த ஜுரத்தைத்தான் பாடுகிறது. அதைக் கேட்டால் ஏதோ தங்க வேட்டை என்றே தோன்றும். தோண்டிய மண்ணால் சுரங்கத் தொழிலாளிகளின் நுரையீரலுக்கு என்ன ஆகும் என்ற பேச்சு அதில் இல்லை. பின்னாளில் அங்கே வேலை பார்த்த பழங்குடி நவஹோ மக்களிடம் நுரையீரல் புற்றுநோய் மிகுந்ததை அறிந்தபின் அந்தத் துள்ளலை முன்போல ரசிக்க முடிவதில்லை.

அரசாங்கமும் பாட்டைப் பயன்படுத்தியது. 1952 முதல் அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு குறும்படம் காட்டினார்கள். அதில் பெர்ட் என்ற ஆமை, ஆபத்து வந்தால் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்கிறது. குண்டு வெடித்தால் நீங்களும் மேஜைக்கு அடியில் குனிந்து மூடிக்கொள்ளுங்கள் என்று குழந்தைகளுக்குப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு தலைமுறைக்கே மனப்பாடமான பாட்டு அது.

இத்தனையும் தடையில்லாமல் ஓடின. தடை வந்தது வேறொரு பாட்டுக்கு. லாஸ் ஏஞ்சலிஸில் பத்திரிகையாளராக இருந்த வெர்ன் பார்ட்லோ விஞ்ஞானிகளைச் சந்தித்துப் பேசியபின் எழுதிய பாட்டு ‘ஓல்டு மேன் ஆட்டம்’. பாடாமல் பேசிக்கொண்டே போகும் ப்ளூஸ் வகை. ஹிரோஷிமா, நாகசாகி, அலமகோர்டோ, பிகினி என்று குண்டு வெடித்த ஊர்ப் பெயர்களே அதன் பல்லவி. உலகத்தில் அமைதி வேண்டுமா, உலகம் துண்டுதுண்டாக வேண்டுமா, மக்களே தீர்மானியுங்கள் என்று முடியும். 1950-இல் சன்ஸ் ஆஃப் தி பயனியர்ஸ், சாம் ஹிண்டன் போன்றவர்கள் இதைப் பெரிய கம்பெனிகளுக்காகப் பதிவு செய்தார்கள். கொரியப் போர் தொடங்கிய வருடம் அது. இது கம்யூனிஸ்டு குரல் என்று நியூயார்க்கில் ஒரு கம்யூனிச எதிர்ப்புக் குழு புகார் கிளப்பியது. அந்தக் கம்பெனிகளான ஆர்சிஏ விக்டரும் கொலம்பியாவும் இசைத்தட்டை விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றுவிட்டன. குண்டைக் கடவுளின் பரிசு என்று பாடலாம், காதலி என்றும் பாடலாம். இதை என்ன செய்யப்போகிறீர்கள் என்று மக்களைக் கேட்டதுதான் பிரச்சினையாகிவிட்டது.

குண்டு விழுந்த ஊரில்

ஜப்பானில் 1945 முதல் 1952 வரை அமெரிக்கப் படைகளின் ஆட்சி. அணுகுண்டின் விளைவுகளைப் பற்றி எழுதுவதும் பேசுவதும் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. அதனால் அமெரிக்காவில் அணுப் பாட்டுகள் ஜூக்பாக்ஸில் ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், குண்டு விழுந்த நாட்டில் அதை வாய்விட்டுப் பாட வழியில்லை.

அந்த நிலையில் 1949-இல் வந்த பாட்டு ‘நாகசாகி நோ கானே’, அதாவது நாகசாகியின் மணி. இதன் பின்னணியில் இருப்பவர் நாகசாகி மருத்துவக் கல்லூரியில் கதிரியக்கத் துறை மருத்துவராக இருந்த தகாஷி நாகாய். குண்டில் மனைவியை இழந்தவர். தன் அனுபவத்தை அவர் எழுதிய அதே பெயருள்ள புத்தகம் 1946-இலேயே தயாராகிவிட்டாலும் 1949-இல்தான் வெளிவர முடிந்தது. மணிலாவில் ஜப்பானியப் படை செய்த கொலைகளைப் பற்றிய ஒரு பகுதியையும் சேர்த்து அச்சிட்டால்தான் அனுமதி என்று ஆக்கிரமிப்பு நிர்வாகம் நிபந்தனை போட்டது.

பாட்டை எழுதியவர் ஹாச்சிரோ சாதோ, இசை யூஜி கோசெகி, பாடியவர் இச்சிரோ ஃபுஜியாமா. குண்டு என்ற சொல்லே அதில் கிடையாது. வானம் துல்லியமாக நீலமாக இருக்கிறது, அதைப் பார்த்தால் துக்கம் வருகிறது என்று தொடங்குகிறது. மனைவியைச் சொர்க்கம் அழைத்துக்கொண்டது. அவள் நினைவாக மிஞ்சியது ஒரு ஜெபமாலை. அந்தச் சங்கிலியில் என் வெண்ணிறக் கண்ணீர். அவ்வளவுதான் விவரம். எப்படிச் செத்தாள் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. நாகசாகி என்ற ஊர்ப் பெயர் தலைப்பிலேயே இருக்கிறது.

மெட்டைக் கவனித்துக் கேளுங்கள். மைனர் சுரத்தொகுதியில், தலை குனிந்து நடக்கிற மாதிரி பாட்டு நகர்கிறது. மணியோசை ஆறுதல் சொல்கிற இடம் வந்ததும் மெட்டு மேஜருக்கு மாறி நிமிர்கிறது. இடிபாட்டிலிருந்து எடுத்து மீண்டும் ஒலிக்கவைத்த உரகாமி தேவாலய மணி அது. இசை தெரியாதவருக்கும் அந்த மாற்றம் நெஞ்சில் தட்டும். கோசெகி போர்க்காலத்தில் ராணுவப் பாட்டுகளுக்கு மெட்டமைத்துப் புகழ்பெற்றவர். அவருடைய மெட்டைப் பாடிக்கொண்டே இளைஞர்கள் போருக்குப் போயிருக்கிறார்கள். அந்தக் கையிலிருந்து நான்கு வருடம் கழித்து வந்தது இந்த மெட்டு.

1954

ஒரே ஒரு வருடத்தை மட்டும் நெருங்கிப் பார்க்கச் சொன்னால் நான் 1954-ஐத்தான் எடுப்பேன்.

மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி வளையத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றைச் சோதித்தது. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக, 15 மெகாடன் வலுவோடு அது வெடித்தது. ஹிரோஷிமா குண்டைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. 100 கிலோமீட்டருக்கும் அப்பால் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ‘டைகோ ஃபுகுர்யு மாரு’ என்ற ஜப்பானியப் படகின் மேல் வெள்ளைச் சாம்பல் மணிக்கணக்கில் பெய்தது. பொடியான பவளப்பாறைதான் அந்தச் சாம்பல். படகில் இருந்த 23 பேரும் நோயோடு கரை சேர்ந்தார்கள். சந்தைக்கு வந்த மீனில் கதிரியக்கம் இருந்தது. டன் கணக்கில் மீனைக் கொட்டிப் புதைத்தார்கள். செப்டம்பர் 23 அன்று படகின் வானொலிக் கருவியை இயக்கிவந்த குபோயாமா இறந்துபோனார்.

சோதனை நடந்து ஆறு வாரம். ஏப்ரல் 12 அன்று நியூயார்க்கின் பிதியன் டெம்பிள் ஒலிப்பதிவுக் கூடத்தில் பில் ஹேலியும் அவருடைய காமெட்ஸ் குழுவும் இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். முதல் பாட்டு ‘தர்டீன் விமன்’. ஹைட்ரஜன் குண்டு வெடித்து ஊரே அழிந்துவிட்டதாக ஒருவன் கனவு காண்கிறான். மிஞ்சியது பதின்மூன்று பெண்களும் அவன் ஒருவனும்தான். ஒருத்தி ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறாள், இன்னொருத்தி தேநீரில் சர்க்கரை போடுகிறாள். சுகமான கனவு. கூடத்தில் கிடைத்த நேரத்தில் பெரும்பகுதியை இந்தப் பாட்டே விழுங்கிவிட்டதால், கடைசியில் மிஞ்சிய கொஞ்ச நேரத்தில் இரண்டாவது பாட்டை அவசரமாகப் பாடி முடித்தார்கள். அந்த இரண்டாவது பாட்டுதான் ‘ராக் அரவுண்ட் தி கிளாக்’. அடுத்த வருடம் ஒரு திரைப்படத்தில் இடம்பெற்று, ராக் அண்ட் ரோல் என்ற இசையையே உலகத்துக்கு அறிமுகப்படுத்தியது. அதன் இசைத்தட்டைத் திருப்பினால் மறுபக்கத்தில் ஹைட்ரஜன் குண்டு. முறையாகச் சொன்னால் குண்டுப் பாட்டுதான் முன்பக்கம். ராக் அண்ட் ரோலின் கீதம் பின்பக்கமாக வந்தது.

அதே 1954-இல் ஜப்பானில் பிறந்த பாட்டு ‘கென்பாகு ஓ யுருசுமாஜி’. அணுகுண்டை அனுமதியோம் என்று பொருள். டோக்கியோவைச் சேர்ந்த இஷிஜி அசாதா எழுத, கோஜி கினோஷிதா மெட்டமைத்தார். இதைப் பரப்பியது எந்த இசைத்தட்டுக் கம்பெனியும் அல்ல. அகிகோ செகி என்ற பாடகி தொடங்கிவைத்த ‘உதாகோயே’ இயக்கம்தான் பரப்பியது. தொழிற்சாலை, ரயில்வே, பள்ளி, சங்கம் என்று வேலை செய்கிற இடங்களில் மக்கள் குழுக்களாகக் கூடி அக்கார்டியன் வைத்துப் பாடும் இயக்கம் அது.

இந்தப் பாட்டின் கட்டுமானத்தைப் பார்க்க வேண்டும். நான்கு சரணம். முதல் சரணத்தில் சொந்த ஊர் எரிந்துபோனது. உறவினரின் எலும்பைப் புதைத்த மண்ணில் இப்போது வெள்ளைப் பூ பூத்திருக்கிறது. மூன்றாவது குண்டை எங்கள் ஊரில் அனுமதியோம். முதல் குண்டு ஹிரோஷிமா, இரண்டாவது நாகசாகி, இனி மூன்றாவது கூடாது. இரண்டாம் சரணத்தில் ஊரின் கடல் கொந்தளிக்கிறது, கறுப்பு மழை, படகில் ஆள் இல்லை. எங்கள் கடலில் அனுமதியோம். அந்த வருடம் இதைப் பாடியவர்களுக்கு எந்தப் படகு என்று தெரியும். மூன்றாவதில் எங்கள் வானத்தில். நான்காவதில் உலகத்தின் மேலேயே கூடாது. ஊரிலிருந்து கடலுக்கு, கடலிலிருந்து வானத்துக்கு என்று கதிரியக்கத் தூசு பரவுகிற வழியிலேயே பாட்டும் விரிகிறது. அந்தக் காலத்தில் ஹைட்ரஜன் குண்டுக்கு எதிராக ஜப்பானில் 3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். டோக்கியோவின் சுகினாமி பகுதிக் குடும்பப் பெண்கள் முன்நின்ற இயக்கம் அது.

நியூயார்க்கில் அது ஒரு ஆணின் கனவு. ஜப்பானில் மீன் வாங்கப் போன பெண்களின் கவலை. இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஹைட்ரஜன் குண்டு ஒன்றேதான்.

இங்கே சிக்கலான ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் பாடகி வாண்டா ஜாக்சன் 1957-இல் பதிவு செய்த ‘ஃபுஜியாமா மாமா’ பாட்டில் ஒரு பெண், நாகசாகிக்கும் போனேன், ஹிரோஷிமாவுக்கும் போனேன், அங்கே செய்ததை உனக்கும் செய்வேன் என்று காதலனை மிரட்டுகிறாள். அமெரிக்காவில் அது ஓடவில்லை. ஜப்பானில் பெரிய வெற்றி பெற்றது. 1959-இல் அவர் அங்கே போய்ச் சுற்றுப்பயணமும் செய்தார். 1958 பிப்ரவரியில் டோக்கியோவில் நடந்த பெரிய ராக்கபில்லி (கிராமிய இசை கலந்த ராக் அண்ட் ரோல்) விழாவுக்குப் பிறகு இளைஞர்கள் அந்த இசைக்குப் பித்துப்பிடித்து அலைந்த காலம் அது. அவர்களுக்கு அந்தக் குரலின் வேகம் பிடித்திருந்தது என்பதே எனக்குத் தோன்றும் விளக்கம். பாதிக்கப்பட்ட நாட்டில் எல்லாரும் ஒரே மாதிரி உணர்ந்தார்கள் என்று நினைத்துவிடாமல் இருக்க இந்த ஒரு பாட்டு போதும்.

மழை

கதிரியக்கம் உணவில் கலந்துவிடும் என்ற ஜப்பானியப் பெண்களின் கவலை 1950-களின் இறுதியில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் வந்து சேர்ந்தது. வானவெளிச் சோதனைகளின் தூசு காற்றோடு உலகைச் சுற்றி மழையோடு இறங்குகிறது. அதில் இருக்கும் ஸ்ட்ரான்ஷியம்-90 வேதியியல் குணத்தில் கால்சியம் மாதிரி. புல்லில் சேர்ந்து, புல்லைத் தின்ற மாட்டின் பாலில் சேர்ந்து, அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தையின் எலும்பில் தங்கிவிடும். 1958 முதல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து இதை அளந்து பார்த்தார்கள்.

அதே 1958-இல், ஈஸ்டர் விடுமுறையில், லண்டனிலிருந்து அணு ஆயுத ஆய்வுக்கூடம் இருந்த ஆல்டர்மாஸ்டனுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் நான்கு நாள் நடந்தார்கள். வழியில் பாட ஒரு பாட்டு வேண்டுமல்லவா? அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஜான் பிரன்னர், சுரங்கத் தொழிலாளர்களின் பழைய சங்கப் பாட்டு மெட்டில் ‘தி எச்-பாம்ஸ் தண்டர்’ எழுதினார். எல்லாருக்கும் தெரிந்த மெட்டு, ஊர்வலத்துக்குப் பொருந்தும் நடை. ஊர்வலப் பாட்டுக்கு அதுதான் வேண்டும்.

1962-இல் கலிபோர்னியாவின் மால்வினா ரெனால்ட்ஸ் எழுதிய ‘வாட் ஹேவ் தே டன் டு தி ரெயின்’ இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது. லேசாக மழை தூறுகிறது. புல் தலை தூக்குகிறது. ஒரு சின்னப் பையன் மழையில் நிற்கிறான். பாட்டு முடிவதற்குள் பையன் இல்லை, புல்லும் இல்லை. மழை மட்டும் தூறிக்கொண்டிருக்கிறது. தாலாட்டைப் போன்ற மெட்டு. அணு, குண்டு, கதிர் என்று ஒரு சொல்கூட இல்லை. நாகசாகியின் மணியிலும் குண்டு என்ற சொல் இல்லை. அங்கே தணிக்கை காலம். இங்கே யாரும் தடுக்கவில்லை. பாலைப் பார்த்தாலே பயப்படும் தாய்மார்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். ஜோன் பயஸ் இதை மேடைகளில் பாடினார். 1964-இல் பிரிட்டனின் சர்ச்சர்ஸ் குழு பாடி வானொலியில் பிரபலமாக்கியது.

மழை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பாப் டிலனின் ‘ஹார்டு ரெயின்’. கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது எழுதியது என்று அடிக்கடி படிப்பீர்கள். தேதி பொருந்தாது. நெருக்கடி 1962 அக்டோபரில் வந்தது. டிலன் அந்தப் பாட்டை செப்டம்பரிலேயே மேடையில் பாடிவிட்டார். 1963-இல் ஒரு வானொலிப் பேட்டியில் அது அணு மழை அல்ல என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் கேட்டவர்கள் அணு மழையாகவே கேட்டார்கள். வானத்திலிருந்து எது விழுந்தாலும் அப்படித்தான் காதில் விழும் என்ற காலத்தில் அவர்கள் இருந்தார்கள்.

1963 ஆகஸ்டில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் வானவெளிச் சோதனைகளை நிறுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சோதனைகள் நிலத்தடிக்குப் போயின, பாட்டுகளும் குறைந்தன. 1965-இல் அழிவு நெருங்கிவிட்டது என்று பாடிய ‘ஈவ் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்’ அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதற்குள் வியட்நாம் போர் பெரிதாகத் தலையெடுத்துவிட்டது.

1980-களின் இரண்டாவது அலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அந்தப் பாட்டுகள் பலருக்கும் ஏற்கெனவே தெரிந்தவை. ஐரோப்பாவில் புதிய அணு ஏவுகணைகளை நிறுவப்போகிறார்கள் என்றதும் பயம் திரும்பி வந்தது. ஜெர்மனியின் நேனா குழு 1983-இல் பாடிய ‘99 லுஃப்ட்பலோன்ஸ்’ அந்தப் பயத்தில் பிறந்தது. மேற்கு பெர்லினில் ஒரு ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியில் பறக்கவிட்ட பலூன்களைப் பார்த்த கிதார் கலைஞர் கார்லோ கார்கெஸ், இவை பெர்லின் சுவரைத் தாண்டிப் போனால் எதிரி விமானம் என்று நினைத்துவிடுவார்களோ என்று யோசித்திருக்கிறார். பாட்டில் அந்தச் சந்தேகமே போராக முடிகிறது. ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட், ஸ்டிங், அயர்ன் மெய்டன் எல்லாரும் அடுத்த இரண்டு வருடத்துக்குள் தங்கள் பங்குக்குப் பாடினார்கள்.

இந்த அலையில் ஜப்பானில் நடந்ததைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். செர்னோபில் விபத்துக்கு இரண்டு வருடம் கழித்து, 1988-இல், ஆர்சி சக்செஷன் என்ற ராக் குழு பழைய ஆங்கிலப் பாட்டுகளுக்குப் புதிய ஜப்பானிய வரிகள் எழுதி ஒரு தொகுப்பு தயாரித்தது. சில வரிகள் அணுமின் நிலையங்களை நேரடியாக எதிர்த்தன. அவர்களுடைய இசைத்தட்டுக் கம்பெனி தோஷிபா-ஈஎம்ஐ. தோஷிபா அணு உலை கட்டும் நிறுவனம். தொகுப்பு மிக அற்புதமாக இருப்பதால் வெளியிட முடியவில்லை என்று கம்பெனி செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தது. வேறொரு கம்பெனி ஆகஸ்ட் 15 அன்று அதை வெளியிட்டது. ‘ஓல்டு மேன் ஆட்டம்’ திரும்பப் பெறப்பட்டு அப்போது 38 வருடம் ஆகியிருந்தது.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் இரண்டிரண்டாகக் கேட்கச் சொல்வேன். ‘அட்டாமிக் பவர்’ கேட்ட கையோடு ‘கிரேட் அட்டாமிக் பவர்’. ‘தர்டீன் விமன்’ கேட்ட கையோடு ‘கென்பாகு ஓ யுருசுமாஜி’. நாகசாகியின் மணிக்குப் பின் மால்வினா ரெனால்ட்ஸின் மழை. பெரும்பாலானவை இணையத்தில் கிடைக்கின்றன. ஜப்பானியம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

கடைசியாக ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் ‘ரேடியோ ஆக்டிவிட்டி’யை வெவ்வேறு காலப் பதிவுகளில் கேளுங்கள். 1975-இல் வந்தபோது அதற்கு எந்தப் பக்கமும் கிடையாது. மேரி கியூரியின் கண்டுபிடிப்பையும் வானொலி அலைகளையும் ஒரே வியப்போடு பாடியது. 1991-இல் மறுபதிவு செய்தபோது கதிரியக்கத்தை நிறுத்து என்று ஒரு சொல்லைச் சேர்த்து, செர்னோபில், ஹாரிஸ்பர்க், செல்லாஃபீல்டு, ஹிரோஷிமா என்று நான்கு ஊர்களின் பெயரைத் தொடக்கத்தில் வைத்தார்கள். 2012 ஜூலையில், ரியூச்சி சகமோட்டோ டோக்கியோவுக்குப் பக்கத்தில் நடத்திய அணுசக்தி எதிர்ப்புக் கச்சேரியில், ஜப்பானிய வரிகளோடு அதைப் பாடினார்கள். அந்த வரிகளில் ஃபுகுஷிமாவும் சேர்ந்திருந்தது.